கண்ணாத்தாளின் குரு

"இன்னைக்கும் சகதியிலதான் கெடக்கு! தண்ணி எடுத்தா கயித்தைச் சுருட்டி ஆணியில மாட்டணும்னு பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும். உங்களுக்கு மட்டும் ஏன் ஆச்சி தெரிய மாட்டேங்குது? கையில மருதாணியா வச்சிருக்கீக, காயட்டும்னு?"

கிணற்றடியில் நின்று சிகப்பி போட்ட சத்தத்தில் மதில்மேல் இருந்த காக்கை எழுந்து போய்விட்டது. சேறு சொட்டும் கயிற்றை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சமையற்கட்டைப் பார்த்துக் கத்தினாள். அது அவளுடைய கணவனின் அண்ணன் மனைவி கண்ணாத்தாளின் சமையற்கட்டு. புருஷனை மலேயாவில் பறிகொடுத்து வெள்ளைச் சேலை கட்டியவளிடம் மருதாணியைப் பற்றிப் பேசக் கூடாதுதான். அது சிகப்பிக்கும் தெரியும். தெரிந்துதான் பேசினாள். அப்படியாவது அந்த மனுஷிக்கு ரோஷம் வருகிறதா பார்ப்போம் என்றுதான் பேசினாள்.

வரவில்லை. என்றைக்கு வந்தது, இன்றைக்கு வர?

செட்டிமார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானதும் அதே வீட்டுக்குள் வேறு வைத்துவிடுவார்கள். தலைவாசல் ஒன்று, சாமி வீடு ஒன்று, கிணறு ஒன்று. அடுப்பு மட்டும் ஆளுக்கொன்று. யார் அடுப்பில் என்ன வேகிறது என்று அடுத்தவள் கேட்கக் கூடாது. சண்டை வராமலிருக்கப் பெரியவர்கள் செய்துவைத்த ஏற்பாடு. அந்தப் பெரியவர்களில் ஒருத்தராவது கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைத்திருந்தால், கிணற்றையும் ஆளுக்கொன்றாக வெட்டிக் கொடுத்திருப்பார்கள்.

கண்ணாத்தாள் கயிற்றைச் சகதியில் போடுவாள். ஈர விறகை அடுப்பில் திணித்துவிட்டு எழுந்து போய்விடுவாள். புகை முழுக்கச் சிகப்பியின் பக்கம் வரும். வற்றல் காயும் பாயை மிதித்துக்கொண்டு நடப்பாள். சிகப்பி திட்டுவாள். நடுமுற்றமான வளவு அதிரத் திட்டுவாள். கண்ணாத்தாள் நிமிர்ந்து பார்த்து, இதழோரத்தில் ஒரு சிரிப்புச் சிரித்து, "சிவ சிவ" என்பாள். அவ்வளவுதான். திட்டினவளுக்குத் தொண்டை புண்ணாகும். திட்டு வாங்கினவள் எண்ணெய் தேய்த்துக் குளித்தவள் மாதிரித் தெளிவாக எழுந்து போவாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இதே கதை.

ஆனால் இன்று அந்த "சிவ சிவ"கூட வரவில்லை.

"காதுல விழுதா இல்லையா?" சிகப்பி கயிற்றோடு நடந்து போய்ச் சமையற்கட்டு வாசலில் நின்றாள். கண்ணாத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் நெருப்பு அணைந்து, உலையில் அரிசி பாதி வெந்து நின்றது. கையில் அகப்பை. கண் பாதி திறந்திருந்தது. இதழோரத்தில் அதே சிரிப்பு.

சிகப்பியின் கையிலிருந்து கயிறு நழுவியது. இவ்வளவு நேரம் யாரிடம் கத்திக்கொண்டிருந்தோம் என்று புரிந்ததும் அவளுக்கு வந்தது அழுகையில்லை. கோபம்.

"இன்னைக்கும் பதில் சொல்லாமலே போயிட்டீகளா?" என்றாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்தது உமையாள்தான், சிகப்பியின் ஒரே மகள். பதினெட்டு வயது. பெரியாத்தாவின் தோளைத் தொட்டுப் பார்த்தாள், கையிலிருந்த அகப்பையை வாங்கிக் கீழே வைத்தாள், தலை சரியாமல் தன் மடியில் ஏந்திக்கொண்டாள். ஒரு சத்தம் போடவில்லை. இந்தப் பெண் இப்படித்தான். பெரியாத்தாவின் பின்னாலேயே வளர்ந்து, அவளைப் போலவே வாயை மூடிக்கொள்ளக் கற்றிருந்தது.

செய்தி ஊருக்குள் போயிற்று. மதுரை மில்லில் வேலை பார்க்கும் கண்ணாத்தாளின் மகன் சுந்தரத்துக்கு டிரங்க் கால் போட ஆள் ஓடினான். பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று சிகப்பி தன் அடுப்பில் தண்ணீரைக் கொட்டினாள். கொட்டின வேகத்தில் சாம்பல் முகத்தில் அடித்தது.

அவளுடைய கணவர் சிதம்பரம் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றார். அவர் எதையும் மெதுவாகத்தான் செய்வார்.

"சிகப்பி, ஒக்கூருக்கும் சொல்லி விட்டிருக்கு. நாச்சம்மை ஆச்சி எப்புடியும் கேதத்துக்கு வருவாக. நீ இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்..."

"மட்டும் என்னா?"

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும். அம்புட்டுதான். கண்டனூர்ச் சம்பந்தம் எதனால தட்டிப்போச்சுன்னு உனக்கே தெரியும்."

தெரியாமலா? போன வருஷம் கண்டனூரில் எல்லாம் பேசி முடித்து, பாக்கு மாற்றப் போகிற சமயத்தில் பின்வாங்கிவிட்டார்கள். பெண்ணின் ஆத்தா பெரிய வாய்க்காரியாம். ஓர்ப்படியாளை ஒரு நாள்கூட நிம்மதியாகச் சாப்பிட விட்டதில்லையாம். அதற்கு முன்னால் கோட்டையூரிலும் அதே பேச்சு. வீட்டின் இரண்டாங்கட்டுக்குள் பேசுகிற பேச்சு எப்படி ஊர் ஊராகப் போகிறது என்று சிகப்பி தலையைப் பிய்த்துக்கொண்டாள். கடைசியில் நெல் குத்த வருகிற மலையம்மாள்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, அவளைக் கொல்லைக் கதவுக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். மலையம்மாள் தெருவில் நின்று மாரியாத்தாள்மேல் சத்தியம் பண்ணினாள். யார் கேட்டது?

இப்போது ஒக்கூரிலிருந்து பெண் கேட்டிருக்கிறார்கள். நல்ல குடும்பம், நாச்சம்மை ஆச்சியின் மகனும் நல்ல பையன். உமையாளுக்கு வயது ஏறிக்கொண்டு போகிறது. இதுவும் போனால் இனி ஒருத்தரும் இந்த வாசலில் ஏற மாட்டார்கள்.

"பேசலை. போங்க. தைச்சு வச்சுக்கிறேன் வாயை" என்றாள் சிகப்பி.

மதியத்துக்குள் வளவு நிறைந்துவிட்டது. சுந்தரம் பிளசர் காரில் வந்து இறங்கித் தாயின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். கண்ணாத்தாளை வடக்கே தலைவைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். மலையம்மாளும் செய்தி கேட்டு வந்து கொல்லைப் பக்கமாகவே நின்று மூக்கைச் சிந்தினாள். வந்தவர்களெல்லாம் சிகப்பியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளும் குனிந்து கொடுத்தாள். ஒக்கூர் நாச்சம்மை ஆச்சி வந்தாள். நெட்டையான, பேசாத மனுஷி. சிகப்பிக்குக் கொஞ்சம் தள்ளித் தூணோரம் உட்கார்ந்து கொண்டாள். அவள் கண் தன்மேலேயே இருப்பதாகச் சிகப்பிக்குப் பட்டது. உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

பிறகு மடத்துப் பெண்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாத்தாள் போகிற மடம் அது. எல்லாருக்கும் முன்னால் வந்த சிட்டாள் ஆச்சி, நெற்றி நிறைய திருநீறோடு, பிணத்தைக் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு சுற்றிப் பார்த்தாள்.

"இதுல சிகப்பி யாரு?"

"நாந்தான்."

சிட்டாள் ஆச்சி அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உங்களைப் பாக்கணும்னு எம்புட்டு நாளா நெனச்சேன் தெரியுமா? கண்ணாத்தா ஆச்சி உங்களைப் பத்திப் பேசாத வெள்ளிக்கிழமையே கெடையாது."

சிகப்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னையப் பத்தியா?"

"உங்களைப் பத்தியேதான். மடத்துச் சாமி சொல்லுவாக, பொம்பளைகளுக்குக் காடும் வேணாம் மலையும் வேணாம், அடுப்படியே தவச்சாலைன்னு. வீட்டுல வர்ற எரிச்சல் ஒவ்வொண்ணும் ஒரு பாடமாம். அதைத் தாங்கத் தாங்க உள்ளுக்குள்ள பலம் ஏறுமாம். அதனால அந்த வாரம் வீட்டுல என்ன எரிச்சல் வந்துச்சு, அதை எப்புடித் தாங்குனோம்னு ஒவ்வொருத்தரும் எந்திரிச்சுச் சொல்லணும். நாங்க என்னத்தைச் சொல்லுவோம்? பால் பொங்கிருச்சு, சீனியில எறும்பு ஏறிருச்சு, இப்புடித்தான். கண்ணாத்தா ஆச்சிக்குத்தான் நீங்க இருந்தீக! அவுக எந்திரிச்சா மடமே நிமிந்து உக்காரும். இந்த வாரம் சிகப்பி என்னா சொன்னாகன்னு நாங்களே கேப்போம். நீங்க பேசுன பேச்சை ஒரு எழுத்து விடாம அப்புடியே சொல்லிட்டு, கடைசியில கையெடுத்துக் கும்பிட்டு, 'அவதான் எனக்குக் குரு'ம்பாக!"

"மடத்துக்கு யாரு யாரு வருவாக?" என்று கேட்டாள் சிகப்பி.

"எல்லா ஊர்லயும் இருந்துதான். கண்டனூரு, கோட்டையூரு, புதுவயலு..."

சிகப்பி கொல்லைப் பக்கம் பார்த்தாள். மலையம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். அந்தப் பாவியை ஒரு வருஷமாகப் பட்டினி போட்டோமே! செய்யாத குற்றத்துக்குத் தெருவில் நின்று சத்தியம் பண்ணினாளே!

சிட்டாள் ஆச்சி விடவில்லை. அழுகையும் சிரிப்புமாகக் காதருகே குனிந்தாலும் குரலைக் குறைக்கவில்லை. "இன்னொண்ணு சொல்றேன். என்னைக்காவது நீங்க வையாம இருந்துட்டா அவுகளுக்குச் சோறு எறங்காதாம். அன்னைக்குப் பாடம் நடக்கலைன்னு மனசு கெடந்து அடிச்சுக்குமாம். வேணும்னே போயிக் கெணத்துக் கயித்தைச் சகதியில போட்டுட்டு வருவாகளாம். எப்பேர்ப்பட்ட ஆத்மா பாத்தீகளா!"

சிகப்பியின் காதுக்குள் குய்யென்று சத்தம் கேட்டது.

வேண்டுமென்றே. ஈர விறகும் வேண்டுமென்றேதான். மிதிபட்ட வற்றலும் வேண்டுமென்றேதான். இவள் தொண்டை கிழியக் கத்தியதும், ராத்திரி படுக்கையில் புரண்டு, 'ஏன்தான் இந்த நாக்கு இப்படிப் போகிறதோ' என்று தன்னையே நொந்துகொண்டதும், விடிந்தால் மறுபடி கயிற்றைப் பார்த்துப் பொங்கியதும், எல்லாம் அந்த மகராசி மோட்சத்துக்குப் படி கட்டிக்கொள்ளத்தான். படிக்கட்டுக் கல் இவள். அந்தக் கல்லில் உமையாளின் கல்யாணமும் அடிபட்டு உடைந்தது. உடைத்தவளுக்கு ஆத்மா என்று பெயர். கல்லுக்கு வாய்க்காரி என்று பெயர்.

நாச்சம்மை ஆச்சி தூணோரம் உட்கார்ந்திருந்தாள். சிட்டாள் பேசியது அவள் காதில் விழுந்திருக்கும், சந்தேகமேயில்லை. சிகப்பி பல்லைக் கடித்தாள். எழுந்து கத்தாமலிருக்க இரண்டு கையாலும் தரையை அழுத்திக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் செய்த வேலைகளில் அதைப் போல் கஷ்டமானது ஒன்றில்லை.

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் குடங்களோடு திரும்பினார்கள். பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்து உள்ளே குளிப்பாட்டினார்கள். முறைப்படி ஓர்ப்படியாள்தான் எண்ணெயும் சீயக்காயும் முதலில் வைக்க வேண்டும். சிகப்பி குனிந்து அந்தத் தலையில் எண்ணெய் வைத்தாள். மூன்று தடவை தொட்டால் போதும். அவள் கை நிற்காமல் அழுத்தித் தேய்த்தது. நரைமயிர் விரலில் சிக்கியது. முகம் அசையவில்லை. அந்தச் சிரிப்பும் போகவில்லை. தண்ணீர் ஊற்றியும் போகவில்லை.

வெளியே பாடை கட்டியாயிற்று. "வாய்க்கரிசி போடுறவுக போடுங்க, நேரமாகுது" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். வரிசை நகர்ந்தது. சிகப்பியின் முறை வந்தது. கைநிறைய அரிசியை அள்ளினாள். அந்த வாயருகே கொண்டுபோனாள். எத்தனை வருஷம் மூடியே கிடந்த வாய்! அதை இனி யார் திறப்பது?

அவ்வளவுதான். அணை உடைந்தது.

"திருப்பிச் சொல்ல வேண்டியதுதானே! ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை! 'ஏன்டி நாயே, நீ யாருடி என்னையக் கேக்க'ன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா அன்னைக்கே நான் அடங்கியிருப்பேனே! அழுதிருந்தீகன்னாக்கூட கால்ல விழுந்திருப்பேனே! நான் மனுஷின்னு நெனச்சீகளா, அம்மிக்கல்லுன்னு நெனச்சீகளா? உங்க மனசை அரைக்க என் வாயா கெடச்சுச்சு? இப்புடி ஏமாத்திட்டுப் போறீகளே! உங்களுக்குப் பாடம் முடிஞ்சுபோச்சு, எந்திரிச்சுப் போயிட்டீக. நான் எங்குட்டுப் போவேன்? விடிஞ்சா யாருகிட்டப் போயிக் கத்துவேன்?"

சிதம்பரம் முகப்பிலிருந்து பதறி ஓடிவந்தார். ஆனால் அவர் வந்து சேருவதற்குள் பெண்கள் சிகப்பியைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஆத்தாடி, எப்புடி அழுகுறா பாரு!" என்று ஒருத்தி கதறினாள். "கூடப்பொறந்தவகூட இப்புடி அழ மாட்டா" என்று இன்னொருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். சிட்டாள் ஆச்சி பெருங்குரலெடுத்து ஒப்பாரியே தொடங்கிவிட்டாள்.

"நான் அழலைடி! வையுறேன்! விடுங்கடி என்னைய!" என்று சிகப்பி திமிறினாள். யார் காதில் விழுகிறது? அந்தக் கூக்குரலில் கண்ணாத்தாளைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார்கள்.

ஆண்கள் எல்லாரும் போனபின் பெண்கள் கொல்லையில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். ஒவ்வொருத்தராக, போய்வருகிறேன் என்று சொல்லாமல், கேத வீட்டு வழக்கப்படி கலைந்தார்கள். சிகப்பி ஈரச் சேலையோடு துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். ஒக்கூர் கைவிட்டுப் போயிற்று என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. நாச்சம்மை ஆச்சி ஈரத் தலையை முடிந்துகொண்டு வந்து எதிரே நின்றாள்.

"அழுதீகன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டாக. நான் நெனைக்கலை" என்றாள்.

சிகப்பி நிமிரவில்லை. "நெனைக்காட்டிப் போங்க ஆச்சி. நான் வாய்க்காரிதான். ஊருக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும். அந்த மடத்துக்கு நானும் ரெண்டு மூணு வெள்ளிக்கிழமை வந்திருக்கேன். உங்க கதையைக் கேட்டுட்டுப் போயித்தான் பொண்ணு கேக்க ஆளு விட்டேன்."

சிகப்பி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுல ஒரு சத்தம் கேக்காது" என்றாள் நாச்சம்மை ஆச்சி. குரல் உயரவில்லை, ஆனால் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "எங்க மாமியா சிரிப்பாக. என் ஓர்ப்படியா சிரிப்பா. நானும் சிரிப்பேன். ஆளாளுக்கு உள்ளுக்குள்ள பலம் ஏத்திக்கிட்டே இருக்கோம். அந்த வீட்டுல மனுஷி மூச்சு விட முடியாது, சிகப்பி. ஒருத்தியாவது வந்து வாயைத் தொறந்து, இது எனக்குப் புடிக்கலைன்னு கத்தணும். உங்க வயித்துல பொறந்தவ கத்துவான்னு நெனச்சேன்." உள்ளே உமையாள் இருந்த பக்கம் பார்த்தாள். "ஆனா காலையில இருந்து பாக்குறேன், அந்தப் புள்ளை வாயே தொறக்கலையே. கேத வீட்டுல இதைப் பேசக் கூடாது. கருமாதி முடியட்டும், பாப்போம்."

அவளும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

சிகப்பிக்குச் சிரிப்பதா, முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. மகளுக்குத் தன் வாய் வந்துவிடக் கூடாது என்று எத்தனை கோவிலில் வேண்டியிருப்பாள்! அடி கண்ணாத்தா, கடைசியில் என் மகளையும் உன்னைப்போல ஆக்கிவிட்டா போனாய்?

வெயில் தாழ்ந்துவிட்டது. குடத்தில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் போனாள். உமையாள் தனியாகக் குனிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இப்புடியா கழுவுறது? மூலையெல்லாம் பூ அப்புடியே ஒட்டிக்கிட்டுக் கெடக்கு! கண்ணு எங்குட்டு இருக்கு உனக்கு?"

உமையாள் நிமிர்ந்தாள். இதழோரத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. உதடு பிரிந்தது. "சிவ..."

"அதை மட்டும் சொல்லாதே!" சிகப்பி அலறினாள். "வாய் இருக்குல்ல? கேட்டா பதில் சொல்லுடி! என்னையப் பாத்துப் பதில் சொல்லு!"

விளக்குமாறு உமையாளின் கையிலிருந்து விழுந்தது.

"என்னா சொல்லச் சொல்றே?" அந்தக் குரலைச் சிகப்பி இதுவரை கேட்டதில்லை. "பெரியாத்தா என் மடியிலதான் வெறச்சுப்போனாக. என் கை இன்னும் சில்லுன்னு இருக்கு. வந்து பாத்தியா? ஒரு வாய்த் தண்ணி குடிச்சியாடின்னு கேட்டியா? அவுக உன்னைய வச்சுத் தவம் பண்ணுனாக, நீ அவுகளை வஞ்சே பொழுதைப் போக்குனே. நடுவுல நான் ஒருத்தி இருக்கேன்னு ரெண்டு பேருக்கும் நெனப்பு வந்துச்சா? பூ ஒட்டிக்கிட்டுக் கெடந்தா கெடக்கட்டும்! நீயே கழுவிக்க!"

சிகப்பி வாயைத் திறந்தாள். வசவு நாக்கின் நுனிவரை வந்தது. மூடிக்கொண்டாள்.

உமையாள் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கியது, கண்ணும் மூக்கும் ஒழுகின, குரல் உடைந்து உடைந்து மேலே ஏறியது. கண்டனூர்க்காரர்கள் வராமல் போன அன்று தான் கட்டியிருந்த சேலையைப் பற்றிச் சொன்னாள். மலையம்மாளைத் துரத்தின அன்று கதவிடுக்கில் நின்று பார்த்ததைச் சொன்னாள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய சிதம்பரம் ஈரவேட்டியோடு நடைவாசலில் திகைத்து நின்றார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

சிகப்பி இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்தாள். ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். மகள் இன்னும் முடிக்கவில்லை. சிகப்பி அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.